ஈரமில்லாத படுக்கைகள்

உள்ளே வந்ததும் நீங்கள் மூக்கைச் சுளிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். முதியோர் இல்லத்துக்கு முதல்முறை வருகிறவர்கள் வாசலைத் தாண்டும்போதே மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். வேண்டுமென்று செய்வதில்லை, தானாக வருவதுதான். எங்கள் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்த பிறகு மெதுவாக மூச்சை விட்டுப் பார்த்து, "பரவாயில்லையே, வாடையே இல்லையே" என்பார்கள். நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

டிரைவர் சார் எப்படி இறந்தார் என்று என் கைப்பட எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் எடுத்த எடுப்பில் அந்தச் சாயங்காலத்துக்குப் போய்விட்டால் நான் ஏதோ கல்நெஞ்சக்காரி என்று தோன்றும். கல்நெஞ்சக்காரியாக இருந்திருந்தால் எப்போதோ இந்த வேலையை உதறிவிட்டுப் போயிருப்பேன். அப்படிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

நான் முறையாகப் படித்த நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவள், முதலாளி கூப்பிட்டார் என்பதற்காக இங்கே வந்தேன். பெரியவர்களுக்கு நான் சிஸ்டரம்மா, ஆயாக்களுக்கும் முதலாளிக்கும் அக்கா. முதலாளியை நீங்கள் இதில் இழுக்க வேண்டாம். தன் அப்பாவைக் கடைசிக் காலத்தில் சரியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்ற உறுத்தலில், வீட்டை அடமானம் வைத்து இந்த இல்லத்தை ஆரம்பித்தவர் அவர். இதைச் செய், அதைச் செய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மாசக் கடைசியில் என் அறைக்கு வந்து உட்காருவார், நெற்றியைத் தேய்த்துக்கொள்வார், "அக்கா, நீங்கதான் எப்படியாவது பாத்துக்கணும்" என்பார். எப்படி என்று நானும் கேட்டதில்லை, எப்படி என்று அவரும் கேட்டதில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

முன்பெல்லாம் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பிறகு மெயின் ரோட்டில் பெரிய ஷாப்பிங் மால் வந்தது. மூத்திரத் துணி அலசுகிற கைக்கு நாங்கள் கொடுத்ததைவிட, சென்ட் பாட்டிலைத் தூக்கிக் காட்டுகிற கைக்கு அங்கே அதிகம் கொடுத்தார்கள். ஏசி வேறு. சின்ன வயதாக இருந்தால் நானே போயிருப்பேன். ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டார்கள். ஏஜென்சியில் ஆள் கேட்டால் யானை விலை, குதிரை விலை சொன்னார்கள். கட்டணத்தை ஏற்றலாம் என்றால் பிள்ளைகள் அப்பாவை வேறு இடத்துக்குக் கொண்டுபோவதாக மிரட்டினார்கள். டயப்பர் விலை மட்டும் யாரையும் கேட்காமல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மாடி ஹால் முழுவதற்கும் இரவில் ஒரே ஒரு ஆயா என்று ஆகிவிட்டது.

படுத்த படுக்கையாக இருக்கிற ஒருவரின் நனைந்த விரிப்பை மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி புரட்டிப் பிடிக்க வேண்டும், ஒருத்தி உருவ வேண்டும். தனியாகச் செய்தால் அவர் விழுவார், இல்லாவிட்டால் உங்கள் இடுப்பு போகும். என் இடுப்பு அப்படித்தான் போனது. ஆள் இல்லாத நாள்களில் பகல் வேலையை முடித்துவிட்டு இரவும் நானே நின்றேன், பெல்ட் போட்டுக்கொண்டு. எத்தனை நாள் முடியும்? விடியும்வரை ஈரத்திலேயே கிடப்பார்கள். ஈரத்தில் கிடந்தால் முதுகு புண்ணாகும். புண்ணைப் பார்த்தால் ஆய்வுக்கு வருகிற அம்மா லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்.

அடுத்த தெருவில் இருந்த இல்லத்தை அப்படித்தான் மூடினார்கள். அன்றைக்கு நான் அந்த வழியாகப் போனேன். சக்கர நாற்காலிகளை வாசலில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு துணிப்பை. பெற்ற பிள்ளைகள் போனையே எடுக்கவில்லையாம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் நான் யாரென்றே தெரியாமல், "வந்துட்டியாம்மா" என்றார். நம் ஆட்களுக்கு இந்தக் கதி வரக்கூடாது என்று அங்கேயே நினைத்தேன். இன்றைக்கும் அதையேதான் நினைக்கிறேன்.

டிரைவர் சார் எங்களிடம் வந்தது அந்தச் சமயத்தில்தான். தூரத்து ஊர்களுக்கு பஸ் ஓட்டிக் காலத்தைக் கழித்தவர். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் விழவில்லை. மகள் கொண்டுவந்து சேர்த்தாள். தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், வருஷக்கணக்காக அவரை வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறாள். தினமும் விரிப்பு துவைத்துத் துவைத்து அவளுடைய விரலிடுக்கெல்லாம் வெந்து போயிருந்தது. அவரை விட்டுவிட்டுப் போகும்போது, ஏதோ திருடிவிட்டுப் போகிறவள்போலத் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

வந்த சில நாள்களிலேயே ஹால் முழுவதையும் அவர் பஸ்ஸாக்கிவிட்டார். காற்று வருகிற கட்டில்காரர்கள் ஜன்னல் சீட்டு, பாத்ரூம் பக்கம் இருப்பவர்கள் கடைசி சீட்டு. சாப்பிட மாட்டேன், செத்துப்போகிறேன் என்று யாராவது அடம்பிடித்தால், "பாதி வழியில இறங்கினா டிக்கெட் காசு திரும்பக் கிடைக்காதுங்க" என்பார். அடம்பிடித்தவர்களே சிரித்துவிட்டு வாயைத் திறப்பார்கள்.

ஒருநாள் மாத்திரை கொடுக்கும்போது, அத்தனை மணி நேரம் வண்டி ஓட்டினால் அவசரத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பொழுதுபோகாமல் கேட்டதுதான்.

"வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே தண்ணிய நிறுத்திடணும் சிஸ்டரம்மா" என்றார். "உள்ள போனாத்தானே வெளிய வரும். ரொம்ப வறண்டா வாயை நனைச்சுக்குவேன், அவ்வளவுதான். டிப்போவுல வண்டிய விட்டு இறங்கினதும் ஒரு ஜக்கை அப்படியே கவுத்துக்குவேன். அந்தத் தண்ணிக்கு ஈடே கிடையாது."

இரண்டு பேரும் சிரித்தோம். அறைக்குத் திரும்பிய பிறகும் அது என் காதிலேயே இருந்தது. யோசனை அவருடையது என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆரம்பத்தில் சின்ன மாற்றம்தான். விளக்குப் போட்ட பிறகு குடிக்க எதுவும் வேண்டாம் என்றேன். படுக்கையை நனைக்கிற குழந்தைகளுக்கு எத்தனையோ வீட்டில் இதைச் செய்கிறார்கள். மறுநாள் காலையில் பாதிப் படுக்கைகள் காய்ந்திருந்தன. இரவு வேலை பார்த்த ஆயா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாதி காய்ந்தால் மீதியும் காயாதா என்று தோன்றுவது இயல்பு. வயிற்றுக்கு ஆகவில்லை என்று சொல்லிச் சாயங்கால டீயை நிறுத்தினேன். பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் குடிக்க எதுவுமே இல்லை என்று ஆக்கினேன். கட்டிலோர மேஜைகளில் இருந்த ஜக்குகளை, துடைக்க வசதியாக இருக்கும் என்று கதவருகே ஓர் அலமாரியில் வைக்கச் சொன்னேன். நடக்க முடிந்தவர்களுக்காக வராந்தாவில் ஒரு ஃபில்டர் இருந்தது. அதில் ரிப்பேர் என்று எழுதி ஒட்டினேன். அதில் ஒரு ரிப்பேரும் இல்லை. இதையெல்லாம் நீங்களாகவே கண்டுபிடித்துவிட்டீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன்.

கேட்பார்களே என்பீர்கள். கேட்டார்கள். தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது என்று ஆயாக்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். இல்லை என்றால் அழுவார்கள். பேச்சுக் கொடுங்கள் என்றேன். தண்ணி என்று ஒருவர் வாயைத் திறந்தால், "உங்க பேரன் இப்ப என்ன படிக்கிறான்?" என்று கேட்க வேண்டும். பேரனைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் மறந்துவிடும். மறக்காதவர்களுக்குப் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினால் போதும். வயதானால் தாகம் தெரிவது குறையும் என்பது நான் படித்த பாடத்திலேயே இருக்கிறது. அதையும் சொல்லிக்கொடுத்தேன். இங்கே ஆயாக்கள் பெரியவர்களோடு உட்கார்ந்து இப்படி அன்பாகப் பேசுகிறார்களே என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள்.

ஒருமுறை முதலாளி ஹாலில் நடந்து வரும்போது, கடைசி சீட்டில் இருந்த ஒரு பெரியம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பத்தான் குடிச்சாங்க" என்றேன்.

"ஓ, மறதியா" என்றார். சட்டையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, கடைசிக் கட்டில்வரை போகாமலே கீழே இறங்கிவிட்டார்.

ஆய்வு அம்மா வந்து முதுகுகளைப் பார்த்தார், விரிப்புகளைத் தடவித் தடவிப் பார்த்தார். மற்ற இல்லத்துக்காரர்கள் இங்கே வந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். டிரைவர் சாரின் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அப்பாவின் படுக்கையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து ஒருநாள் அழுதேவிட்டாள். "இத்தனை வருஷமா என்னால முடியாததை நீங்க செஞ்சிட்டீங்கக்கா. மனசுல ஈரம் இருக்கறவங்களாலதான் இப்படிப் பாத்துக்க முடியும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பெருமையாகவும் இருந்தது. அவள் அப்பாவுக்கென்று வாங்கி வந்த ஆரஞ்சுப் பழங்களை, சளி பிடிக்கும் என்று சொல்லி ஆயாக்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஹாலில் சத்தம் குறைந்தது. பகலிலும் தூங்கினார்கள். சிலர் உளறினார்கள். கையின் மேல்தோலைக் கிள்ளி விட்டால் அது படியாமல் அப்படியே மடிந்து நின்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வயதான தோல் அப்படித்தான் நிற்கும் என்று ஆயாக்களிடம் சொன்னேன். அந்தக் கோடையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம் பேர் போய்ச் சேர்ந்தார்கள். மாதம் ஒருமுறை வருகிற டாக்டர் ஒவ்வொருவருக்கும் மூப்பு என்று எழுதினார். அவர்கள் எல்லாரும் மூத்தவர்கள்தானே. காலியான கட்டில்கள் காலியாகவே கிடக்கவில்லை, வாடையில்லாத இல்லம் என்று எங்கள் பெயர் பரவியிருந்தது.

ஆயாக்களில் ஒருத்திக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. ஆமை வேகத்தில் நடப்பாள் என்பதால் அவளை நாங்கள் மின்னல் என்று கூப்பிடுவோம். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். டிரைவர் சாரை அவள் டிரைவரப்பா என்பாள். அவள் இரவு வேலைக்கு வருகிற நாள்களில் அவர் படுக்கை மட்டும் நனைந்திருந்தது. எங்கள் இல்லத்தில் ஒரு விரிப்பு நனைந்தால், யாரோ இரக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மின்னலைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஒரு வாய்தான்க்கா குடுத்தேன். கையைப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கறாரு."

"ஒரு வாய் குடுத்தா ஒரு படுக்கை போச்சு. நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. ராத்திரி ஒத்த ஆளு நீ. எத்தனை பேரைத் தூக்குவே?"

"தூக்கறேன்க்கா. மெதுவாத்தான் தூக்குவேன். ஆனா தூக்கறேன்."

நல்ல பெண். நான் திட்டவில்லை, சம்பளத்தைக் குறைக்கவில்லை. சலவை அறைக்கு மாற்றினேன். துவைக்க விரிப்புகளே அதிகம் வராததால் அங்கே வேலை குறைவு. உங்களிடம் வந்து சொன்னது அவள்தான் என்று எனக்குத் தெரியும். அவள்மேல் கோபமில்லை. வழக்கம்போல மெதுவாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறாள்.

அவளை மாற்றிய பிறகுதான் டிரைவர் சார் வண்டி ஓட்ட ஆரம்பித்தார். கட்டிலின் பக்கக் கம்பியை நல்ல கையால் பிடித்துத் திருப்புவார், வாயால் ஹாரன் அடிப்பார், ஜன்னல் சீட்டில் இருப்பவரைத் தலையை உள்ளே இழுக்கச் சொல்லி அதட்டுவார். ஆயாக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். துவைத்த துணிகளோடு மாடிக்கு வந்த மின்னல் அவர் பக்கத்தில் போய் நின்று, "டிரைவரப்பா, வண்டி எங்க போகுது?" என்று கேட்டாள்.

"டிப்போவுக்கும்மா. போனதும் தண்ணி குடிக்கணும்."

"சீக்கிரம் போய்ச் சேருங்கப்பா" என்றாள். துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அது எனக்கு உதவியாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் தண்ணீர் கேட்கும்போதெல்லாம், "இன்னும் டிப்போ வரலை சார்" என்பேன். உடனே அடங்கிவிடுவார். மகளைப் பற்றிக் கேட்டாலும், பழைய கதைகளைக் கிளப்பினாலும் மறக்காத தாகம் இந்த ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டது. டியூட்டியில் இருக்கும்போது குடிக்கக்கூடாது என்பது அவருக்கு உடம்போடு ஊறிய பழக்கம். நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி எதிரே பார்த்தபடி ஓட்டிக்கொண்டே இருப்பார். அவர்மேல் எனக்கு உண்மையாகவே பிரியம் இருந்தது. முகம் துடைத்து, தலை வாரி, சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுவிடுவது நான்தான். அப்படிப் போட்டால்தான் அவருக்கு யூனிஃபார்ம் போட்ட மாதிரி இருக்கும்.

இனி அந்தச் சாயங்காலம். கடனைச் சமாளிக்க முடியாமல், நிறைய இல்லங்கள் நடத்துகிற ஒரு கம்பெனியோடு முதலாளி பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் எடுத்துக்கொண்டால் ஆள் வரும், சம்பளம் ஏறும், இரவில் ஹாலுக்கு ஒருத்தி என்கிற நிலைமை மாறும். வேண்டாம் என்று போய்விட்டால் எங்கள் நாற்காலிகளும் வாசலுக்கு வந்துவிடும். மறுநாள் காலை பார்க்க வருவதாக இருந்தது. "நாளைக்கு ஒருநாள்க்கா, எப்படியாவது" என்று முதலாளி படிக்கட்டில் நின்று சொன்னார். அதனால் அன்றைக்கு மட்டும் காலையிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிட்டேன். மாத்திரைகளைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தோம்.

விளக்குப் போடுகிற நேரத்தில் டிரைவர் சாரின் மகள் போன் செய்தாள். போனை அவர் காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நான் வாங்கிப் பேசியபோது அவள் குரல் நடுங்கியது.

"அக்கா, அப்பாவுக்கு என்ன? நாக்கு ஒட்டிக்கிட்ட மாதிரி பேசறாரு. கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா. நான் காலையில லீவு போட்டுட்டு வந்துடறேன்."

"குடுக்கறேன்மா, நீ பயப்படாதே" என்றேன்.

பொய் சொல்லவில்லை. கொடுப்பதாகத்தான் நினைத்தேன். அலமாரிக்குப் போய் ஜக்கிலிருந்து ஒரு தம்ளர் நிறைய ஊற்றிக்கொண்டு அவர் கட்டிலுக்கு வந்தேன். விரிப்பு அப்போதுதான் மாற்றியது, புத்தம் புது வெள்ளை விரிப்பு, ஓரங்களை நானே இழுத்துச் செருகியிருந்தேன். அவருடைய கண்கள் உள்ளே போயிருந்தன. கம்பியின் மேல் இருந்த கை எதையும் திருப்பவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தது. தம்ளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சிஸ்டரம்மா, டிப்போ வந்துடுச்சா?"

வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு வேண்டியிருந்தது. நான் ஹாலைத் திரும்பிப் பார்த்தேன். வரிசையாகக் காய்ந்த படுக்கைகள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. ஒருவருக்குக் கொடுத்தால் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும், அங்கிருந்து அடுத்த கட்டிலுக்குக் கேட்கும். இரவுக்கு வரவேண்டிய ஆயாவும் வரமுடியாது என்று சொல்லியனுப்பியிருந்தாள். நான் ஒருத்திதான்.

"இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கு சார்" என்றேன்.

"அப்ப சரி" என்றார். தலையைத் திருப்பி ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

விடிந்தபோது அவர் போயிருந்தார். கம்பியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. படுக்கை காய்ந்தே இருந்தது. அவருக்குப் பொத்தான்களைப் போட்டுவிட்டு, திரையை இழுத்துவிட்டு, பாத்ரூமில் போய் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மற்றவர்களுக்குத் தலை வாரிவிட்டேன். கம்பெனிக்காரர்கள் வந்து அந்த சோபாவில் உட்கார்ந்து, எல்லாரும் சொல்வதையே சொன்னார்கள். அன்றைக்கே கையெழுத்தாகிவிட்டது. யாரும் வாசலுக்கு வரவில்லை. அதில் எனக்கு நிம்மதிதான்.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். அவர் கட்டிலோர மேஜையில் ஒரு காலித் தம்ளர் இருந்ததை மின்னல் பார்த்திருக்கிறாள். "அப்படியானால் கடைசியில் அவருக்கு நீங்கள் தண்ணீர் கொடுத்திருக்கிறீர்கள், அதை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள், அவர் மகளுக்காவது ஆறுதலாக இருக்குமே" என்றீர்கள். என் நல்லதுக்காகத்தான் கேட்டீர்கள் என்று புரிந்தது. நேற்று பதில் சொல்லவில்லை, இப்போது எழுதிவிடுகிறேன்.

அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்றபடியே நான்தான் அதைக் குடித்தேன். காலையிலிருந்து மாடிக்கும் கீழுக்குமாக ஒரே அலைச்சல். தாகத்தை என்னால் தாங்க முடியவில்லை.